ஒன்பதாம் விதியில் ஒரு கணவன்

உட்காருங்கள் சார், உட்காருங்கள். பையை மேலே வைத்துவிடுங்கள், விழாது. பொள்ளாச்சியில் ஏறியதிலிருந்து இந்த பஸ் இப்படித்தான் ஆடிக்கொண்டு வருகிறது. என் பையே இன்னும் விழவில்லை.

கொஞ்சம் மெதுவாகப் பேசுகிறேன், தப்பாக நினைக்காதீர்கள். முன்னால் பாருங்கள், பெண்கள் இருக்கையில் மூன்று பேர். ஜன்னலோரம் நீலப் பையை மடியில் வைத்திருக்கும் பெண் காளீஸ்வரி. நடுவில் அவள் அம்மா பொன்னுத்தாயி. இந்த ஓரத்தில், கண்ணாடி போட்டுக்கொண்டு, பஸ் இத்தனை ஆட்டம் ஆடும்போதும் ஏதோ காகிதத்தைப் படித்துக்கொண்டு வருகிறாளே, அவள் பேராசிரியர் சம்பூர்ணம். என் மனைவி. இந்த வருஷம் நான் ஒரு வழக்கு நடத்தினேன். எதிர்த்தரப்பு அவள்தான்.

சிரிக்காதீர்கள். விவாகரத்து எல்லாம் இல்லை. அது சின்ன விஷயம். இது கபடி விஷயம்.

என் பெயர் குழந்தைவேலு. முப்பத்து மூன்று வருஷம் உடற்பயிற்சி ஆசிரியர். கபடி நடுவர். எங்கள் பக்கத்தில் மாஸ்டர் என்றால் நான்தான். அவள் சட்டக் கல்லூரியில் முப்பத்தொரு வருஷம் அரசியலமைப்புச் சட்டம் நடத்தினாள். ஒரு நாள்கூடக் கருப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போனதில்லை. "வக்கீல்னா ஒரு பக்கம்தான் பேசணும். எனக்கு ரெண்டு பக்கமும் பேசணும்" என்பாள். வீட்டிலும் அப்படித்தான். இரண்டு பக்கத்தையும் அவளே பேசிவிடுவாள், எனக்கு ஒன்றும் மிச்சம் இருக்காது.

கிராமத்துப் பிள்ளைகள் ஆங்கிலச் சட்டப் புத்தகத்தை வைத்துக்கொண்டு விழிக்கிறார்கள் என்று ஏழு வருஷம் உட்கார்ந்து தமிழில் ஒரு புத்தகம் எழுதினாள். பச்சை அட்டை. அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம். அதைப் படித்தவர்கள் இன்றைக்கு நீதிபதிகளாக இருக்கிறார்கள். நானும் அந்தப் புத்தகத்தை நன்றாகப் பயன்படுத்தியிருக்கிறேன். கபடிச் சான்றிதழ்கள் சுருண்டுவிடும் பாருங்கள், அவற்றை அதற்குள் வைத்து அழுத்துவேன். அவ்வளவு கனமான புத்தகம் வீட்டில் வேறு கிடையாது.

அவள் ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம், ஆறுச்சாமி ஒரு தார் பூவன் பழத்தோடு வந்தார். பம்பு செட் தொழிற்சாலை வைத்திருக்கிறாரே, கோயமுத்தூரில், அந்தப் பெரியவர். எண்பது வயது. அவர் அம்மா பெயரில் மாரக்காள் அறக்கட்டளை என்று ஒன்று. வெள்ளிக்கிழமை காலையில் அவர் வீட்டு வாசலில் வரிசை நிற்கும். ஒவ்வொருவராக வந்து கஷ்டத்தைச் சொல்வார்கள், அவர் எடுத்துக் கொடுப்பார். தனக்குப் பின்னால் பிள்ளைகள் சண்டை போடாமல் இருக்க, சட்டம் தெரிந்தவர் யாராவது ஒழுங்காக ஒரு பத்திரம் எழுதித் தர வேண்டும் என்று கேட்டார்.

சம்பூர்ணம் காபியைக் கொடுத்துவிட்டுக் கேட்டாள். "வெள்ளிக்கிழமை நீங்க ஊர்ல இல்லைன்னா?"

"அடுத்த வெள்ளிக்கிழமை வருவாங்க அம்மிணி."

"ஒருத்தர் மூஞ்சி உங்களுக்குப் பிடிக்கலைன்னா?"

பெரியவர் சிரித்தார். "என்ற காசு, என்ற இஷ்டமுங்க."

"அப்ப அது தர்மம் இல்லைங்க. தர்பார்."

நான் பயந்துவிட்டேன். பழத்தாரைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போய்விடுவாரோ என்று. போகவில்லை. காபியைத்தான் பாதியில் வைத்துவிட்டுப் போனார். பத்து நாள் கழித்து மறுபடியும் வந்தார். வாசற்படியில் நின்றுகொண்டே சொன்னார்: "அம்மிணி, நேத்து ஒரு பொம்பளை என்ற கால்ல விழுந்துச்சு. முந்தியெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. நேத்து கூச்சமாப் போச்சு. என்னைக் கெடுத்துப் போட்டீங்க. நீங்களே வந்து நடத்துங்க."

இப்படித்தான் சார், சட்டம் நடத்தியவள் அறக்கட்டளைத் தலைவி ஆனாள்.

முதல் ஆறு மாதம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கவில்லை. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து விதிகள் எழுதினாள். வரிசை கிடையாது, காலில் விழுவது கிடையாது, எல்லோரும் எழுதிக் கேட்கலாம். எழுதத் தெரியாதவருக்கு அலுவலகத்தில் ஒருவர் எழுதித் தருவார். யார் கேட்டது என்று பார்க்காமல் என்ன கேட்டது என்று பார்க்க வேண்டும் என்பதற்காக, முதல் பரிசீலனையில் பெயரை மறைத்துவிடுவார்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், இல்லை என்று சொன்னால் ஏன் இல்லை என்று எழுதித் தர வேண்டும். தாராபுரத்துக்காரர் ஒருவருக்கு இரண்டு பக்கத்தில் மறுப்புக் கடிதம் போனது. மனிதர் அதைக் கண்ணாடி போட்டு மாட்டிவிட்டார். "இத்தனை வருசத்துல என்னையும் ஒரு ஆளா மதிச்சு இல்லைன்னு சொன்னது இவங்கதான்" என்றாராம்.

நாலு வருஷம் ஆகிறது. மலைக்கிராமங்களுக்கு ஜீப் ஆம்புலன்ஸ் ஓடுகிறது. பெண் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில் கதவுள்ள கழிப்பறை வந்திருக்கிறது. சென்னை, பெங்களூரிலிருந்தெல்லாம் வேறு அறக்கட்டளைக்காரர்கள் வந்து அவள் விதிகளை எழுதிக்கொண்டு போகிறார்கள். நல்லதுதான். நான் குறை சொல்லவில்லை. என் குறை ஒன்பதாம் விதியைப் பற்றி மட்டும்தான்.

ஒன்பதாம் விதி என்னவென்றால், அறக்கட்டளையை நடத்துகிறவர்களின் உறவினர் பொறுப்பில் இருக்கும் எந்த அமைப்பும் உதவி கேட்க முடியாது.

இப்போது என் கதைக்கு வருகிறேன். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் நான் வைகறை மகளிர் கபடிக் கழகம் ஆரம்பித்தேன். நிறுவனர் நான். செயலாளர் நான். பயிற்சியாளரும் நான்தான். பரிசளிப்பு விழாவில் மைக் பிடிப்பதும் நான்தான், அதை வேறு யாரும் கேட்டதில்லை. பதினான்கு பெண்கள். பாதிப் பேர் நூல் மில் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள். அதில் இந்தக் காளீஸ்வரி ரெய்டுக்குப் போனால், மண் தரையில் அவளைப் பிடிக்க இந்த ஜில்லாவில் ஆள் கிடையாது.

ஆனால் இப்போது பெரிய போட்டி எதுவும் மண்ணில் நடப்பதில்லை சார். மேட் விரிக்கிறார்கள். ரப்பர் மாதிரி, துண்டு துண்டாகக் கோத்துப் போடுவது. மண்ணில் பழகிய கால் அதில் நிற்காது. போன நவம்பரில் காளீஸ்வரி மூன்று தடவை வழுக்கி விழுந்தாள். தோற்றோம். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை. மாநிலப் போட்டியில் ஆடிய சான்றிதழ் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியில் இடம், விடுதி, சாப்பாடு எல்லாம் கிடைக்கும். இல்லையென்றால் மே மாதம் அம்மாவோடு மில்லுக்குப் போக வேண்டியதுதான். ஏப்ரலில் மாநில அணிக்குத் தேர்வு. அதற்குள் ஒரு மேட் வாங்கி அதன்மேல் பழக வேண்டும்.

யாரிடம் கேட்பது? மாரக்காள் அறக்கட்டளையில் விளையாட்டுக்கென்று தனியாகவே ஒரு பிரிவு இருக்கிறது. டிசம்பரில் விண்ணப்பம் எழுதினேன். கழகத்தின் முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

ஒன்பதாம் விதி தெரியாதா என்று கேட்பீர்கள். நன்றாகத் தெரியும். ஆனால் அது மற்றவர்களுக்காக எழுதியது என்று நினைத்தேன்.

ஜனவரி ஆறாம் தேதி பதில் வந்தது. மேலாளர் கையெழுத்துப் போட்டிருந்தார். விண்ணப்பம் ஏற்பதற்கில்லை, விதி ஒன்பது, செயலாளர் தலைவியின் கணவர். சம்பூர்ணம் அந்தக் கோப்பைத் தொடவே இல்லையாம். பெயரை மறைக்கலாம், கேட்டது மகளிர் கபடி மேட், அதுவும் எங்கள் பொள்ளாச்சிக்கு என்பதை எப்படி மறைப்பது? முதல் பக்கத்தைப் பார்த்ததுமே எழுந்து வெளியே போய்விட்டாளாம். எப்படி எழுந்து போனாள் என்று அலுவலகமே பேசிக்கொண்டது.

அன்று சாயங்காலம் கடிதத்தை மேஜையில் வைத்தேன். உப்புமாத் தட்டை அதற்குப் பக்கத்தில் வைத்தாள்.

"என்ன இது?" என்றேன்.

"உப்புமாங்க."

"இந்தக் கடுதாசி?"

"ஏனுங்க, அதைப் பத்தி நீங்களும் நானும் வீட்ல பேசக் கூடாது. பதினாலாம் விதில மேல்முறையீடு இருக்குது. சட்னி வேணுமா?"

எப்படி இருக்கிறது பாருங்கள்! எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மேல்முறையீடு செய்வது என்று முடிவு பண்ணினேன். அறக்கட்டளைக்குச் சம்பந்தமில்லாத மூன்று பேர் உட்கார்ந்து கேட்பார்கள். சரி, அவளுடைய ஆயுதத்தை வைத்தே அவளைத் தோற்கடிப்பது என்று பச்சைப் புத்தகத்தை எடுத்தேன். திறந்தால் பொலபொலவென்று சான்றிதழாக விழுந்தது. ஒரு பக்கத்துக்கு ஒன்றாக நாற்பது சான்றிதழ். அவற்றை எடுத்து வைத்துவிட்டு, கல்யாணமான முப்பத்தாறாவது வருஷத்தில், முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.

சும்மா சொல்லக் கூடாது சார். நன்றாக எழுதியிருக்கிறாள்.

சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்றால் எல்லோரையும் ஒரே மாதிரி நடத்துவது என்று அர்த்தம் இல்லையாம். பிரிக்கலாம். ஆனால் பிரித்ததற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். அந்தக் காரணத்துக்கும் நாம் செய்ய நினைக்கும் காரியத்துக்கும் தொடர்பு இருக்க வேண்டும். முப்பது கிலோ பையனையும் எண்பது கிலோ ஆளையும் ஒரே மல்யுத்தத்தில் விடாமல் எடைப் பிரிவு வைக்கிறோம், அது சரி. சிவப்புச் சட்டைக்காரர் தனி, நீலச் சட்டைக்காரர் தனி என்று பிரித்தால் தப்பு. இவ்வளவு சுலபமாக எனக்குக்கூடப் புரிகிறது!

இருநூற்றுப் பதினான்காம் பக்கம் வந்தபோது தூக்கிவாரிப் போட்டது. "ஆட்டம் தொடங்கிய பிறகு கோட்டை நகர்த்துகிற நடுவர், எத்தனை நல்லவராக இருந்தாலும், நடுவர் அல்ல." இது நான் சொன்னது சார்! காங்கேயத்தில் ஒரு போட்டியில் சண்டை போட்டுவிட்டு வந்து, கை கழுவிக்கொண்டே நான் சொன்னது. அப்படியே எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறாள். அடிக்குறிப்பில்கூட என் பெயர் கிடையாது. முன்னுரையில் மட்டும், "தினமும் மைதானத்திலிருந்து வந்து, விதிகளைப் பற்றி என்னோடு வாதாடும் ஒருவருக்கு" என்று நன்றி சொல்லியிருந்தாள். யாரைச் சொன்னாளோ தெரியவில்லை. அவள் கல்லூரியில் கிரிக்கெட் ஆடுகிற பேராசிரியர் ஒருவர் இருந்தார், அவராக இருக்கும்.

படிக்கப் படிக்கச் சந்தேகம் வந்தது. அவளிடம் கேட்டேன். "பொதுவான சந்தேகம்னா கேளுங்க. உங்க கேசுன்னா வாயைத் திறக்க மாட்டேன்" என்றாள். நானா விடுவேன்? பொதுவாகக் கேட்கிற மாதிரியே கேட்டேன். தினமும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் ஓடும். சமத்துவம், நியாயமான விசாரணை, யாரும் தன் வழக்குக்குத் தானே நீதிபதியாகக் கூடாது என்பது, எல்லாவற்றையும் ரசத்தையும் சோற்றையும் ஆற வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தாள். முகமெல்லாம் சிவந்துவிடும். ஒரு நாள் நான் ஒரு கேள்வி கேட்டேன், எழுந்து போய் வேறு ஒரு புத்தகம் எடுத்து வந்து, சோற்றுக் கையை மடக்கிக்கொண்டே பக்கம் புரட்டினாள். எதிரியிடமே ஆயுதம் வாங்கினேன் சார். அவளுக்குத் தெரியவே இல்லை, பாவம்.

என்ன, எழுந்துவிட்டீர்கள்? வெயில் படுகிறதா? இந்தப் பக்கம் வாருங்கள், நான் ஜன்னலோரம் போகிறேன். நின்ற பஸ் கிளம்பிவிட்டது பாருங்கள், இனிக் காற்று வரும். உட்காருங்கள், விசாரணைக்கு வந்துவிட்டோம்.

பிப்ரவரி பதினாறாம் தேதி. கோயமுத்தூர் அலுவலகத்தில் மாடி அறை. பதினான்கு பெண்களும் ஆட்டச் சட்டையைப் போட்டுக்கொண்டு பின்னால் உட்கார்ந்துவிட்டார்கள். பொன்னுத்தாயியும் மில்லில் லீவு போட்டு வந்திருந்தாள். மூன்று பேரில் நடுவில் இருந்தவர் லூர்துமேரி அம்மா, ஓய்வு பெற்ற போஸ்ட் மாஸ்டர். சம்பூர்ணம் அன்றைக்கு அந்தக் கட்டிடத்திலேயே இருக்கக் கூடாது என்று வால்பாறைக்குப் போய்விட்டாள்.

நாற்பது நிமிஷம் பேசினேன். கடைசியில், "அம்மா, நான் யாரைக் கல்யாணம் பண்ணிக்கொண்டேன் என்பதற்கும், இந்தப் பிள்ளைகள் கால் வழுக்குவதற்கும் என்ன தொடர்பு? என் கல்யாணத்துக்காகப் பதினான்கு பெண்களைத் தண்டிக்கலாமா?" என்று கேட்டேன். பின்னால் கைதட்டல். லூர்துமேரி அம்மாவே லேசாகச் சிரித்தார்.

பிறகு ஒரு நோட்டை எடுத்துப் புரட்டினார். விதிகள் எழுதியபோது யார் யார் என்ன யோசனை சொன்னார்கள் என்று சம்பூர்ணம் ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தாளாம். எனக்குத் தெரியாது.

"மாஸ்டர், இதை வாசிக்கிறேன். 'ஒன்பதாம் விதியில் உறவினர் என்று பொதுவாக எழுதியிருந்தேன். அப்படி எழுதினால் யாராவது நுழைந்துவிடுவார்கள், கணவன், மனைவி என்று வெளிப்படையாகவே போடு என்று என் கணவர் சொன்னார். நல்ல யோசனை. சேர்த்திருக்கிறேன்.' சொன்னீங்களா?"

சொல்லியிருந்தேன் சார். தோசை சாப்பிட்டுக்கொண்டே சொன்னேன். தோசை ஞாபகம் இருக்கிறது, சொன்னது ஞாபகம் இல்லை.

"சொன்னேங்க" என்றேன்.

"தொடர்பு என்னன்னு கேட்டீங்க. உங்களுக்கே அன்னைக்குத் தெரிஞ்சிருக்குது. சரி, அது போகட்டும். ஒண்ணு கேக்கறேன். இந்தக் கழகத்துக்கு மேட் வேணும். செயலாளர் நீங்களாத்தான் இருக்கணும்னு ஏதாச்சும் இருக்குதா?"

அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம் படித்திருந்தேன். அத்தனையையும் மனசுக்குள் புரட்ட ஆரம்பித்தேன்.

பின்னாலிருந்து காளீஸ்வரி குரல் கேட்டது. "மாஸ்டர், நாங்க டிசம்பர்லயே சொன்னமுங்களே! எங்கம்மா பேர்ல அனுப்பலாம்னு!"

சொன்னார்கள்தான். மைதானத்தில் நான் விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தபோது சொன்னார்கள். பிள்ளைகள் விளையாட்டுக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன்.

மேல்முறையீடு தள்ளுபடி. பொறுப்பாளர் மாறினால் புதிதாக விண்ணப்பிக்கலாம் என்று ஒரு வரி சேர்த்தார்கள்.

வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்தேன். பெண்களெல்லாம் சுவரோரம் நின்றார்கள். பத்தொன்பது வருஷம் சார். அந்த ரப்பர் முத்திரை என் சட்டைப் பையிலேயே இருக்கும், துவைக்கும்போதுகூட எடுக்க மறந்து சட்டையெல்லாம் நீலமாகியிருக்கிறது. பொன்னுத்தாயி கிட்டே வந்து, "இருக்கட்டுமுங்க மாஸ்டர், வேற எங்கயாச்சும் கேட்டுக்கலாம்" என்றாள். அவள் அப்படிச் சொல்லும்போது காளீஸ்வரி என்னைப் பார்க்கவில்லை. தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு காகிதம் வாங்கி, முழங்காலில் வைத்து ராஜினாமா எழுதினேன். காரணம் எழுதாமல் இல்லை என்று சொல்லக் கூடாது என்பது அந்த இடத்து வழக்கம் ஆயிற்றே. அதனால் காரணமும் எழுதினேன்: 'நான் இருந்தால் மேட் வராது.' முத்திரையைப் பொன்னுத்தாயி கையில் கொடுத்தேன். பிறகு மறுபடியும் உள்ளே போய் ஒரு சந்தேகம் கேட்டேன். விசில் ஊதுவது பொறுப்பில் சேருமா? மூன்று பேரும் தனியாகப் பேசிவிட்டு, சேராது என்றார்கள்.

வீட்டுக்கு வந்ததும் சண்டை போட்டேன். போடாமல் இருப்பேனா? வழக்குத்தான் முடிந்துவிட்டதே, இனிப் பேசலாமே! "இந்த ஒரு வரியை முதல் நாளே சொல்லியிருந்தா, நாப்பத்தோரு நாள் வீணாப் போயிருக்குமா?"

"சொல்லியிருக்கலாம். மத்தவங்களுக்கெல்லாம் வீட்ல உட்கார்ந்து யாரு சொல்றாங்க? ஆறுச்சாமி ஐயா வாசல்ல வேண்டியவங்களுக்கு முன்வரிசைன்னு ஒண்ணு இருந்துச்சே, அதுவேதான் ஆகும்."

"நாக்கு நுனி வரைக்குமாவது வந்துச்சா?"

"தினமும் வந்துச்சுங்க. கடிச்சுக்கிட்டேன்." தட்டைத் துடைத்துக்கொண்டே, "விதின்னால சொல்லலை. அப்புறம் போகப்போக, சொல்ல மனசும் வரலை" என்றாள்.

பார்த்தீர்களா சார்? கட்டின புருஷன் கஷ்டப்படுவதைப் பார்க்க அவளுக்கு அவ்வளவு ஆசை.

ஆனால் அடுத்த கூட்டத்தில் அவள் ஒரு திருத்தம் கொண்டுவந்தாள். இனிமேல் யாருக்கு மறுப்புக் கடிதம் போனாலும், ஏன் இல்லை என்பதோடு நிற்கக் கூடாது, என்ன மாற்றினால் கிடைக்கும் என்றும் கீழே ஒரு வரி எழுத வேண்டும். வீட்டில் சொல்லித்தர ஆள் இல்லாதவர்களுக்கும் அந்த வரி போய்ச் சேரும். போன மாதம் மட்டும் அந்த ஒரு வரியைப் பார்த்து ஒன்பது பேர் திரும்ப எழுதி உதவி வாங்கியிருக்கிறார்கள். அலுவலகத்தில் அதற்குக் குழந்தைவேலு திருத்தம் என்று பெயர். குறிப்பு நோட்டில் ஏறிவிட்டது. இந்தத் தடவை என் பெயரோடு.

மார்ச் ஐந்தாம் தேதி மேட் வந்தது. பொன்னுத்தாயி கையெழுத்துப் போட்டு வாங்கினாள். கறாரான செயலாளர் சார் அவள். ஐந்தே முக்காலுக்கு நான் வந்தால், "மாஸ்டர், அஞ்சரைன்னு போட்டிருக்குதுங்களே" என்கிறாள். ஆண்டு விழாவில் மைக்கை இரண்டே நிமிஷம்தான் கொடுத்தாள். ஏப்ரல் தேர்வில் காளீஸ்வரி ஒரு தடவைகூட வழுக்கவில்லை. மாநில அணியில் ஆடினாள். திண்டுக்கல்லில் கல்லூரி, விடுதி, எல்லாம் கிடைத்துவிட்டது. அதில் சேர்க்கத்தான் இன்றைக்குப் போகிறோம்.

இத்தனை மாதமும் சம்பூர்ணம் அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, கழகத்து லட்டைக்கூடத் தொடவில்லை. "இனி அவ விண்ணப்பதாரர் இல்லை" என்று சொல்லிவிட்டு, காலையில் புதுச் சேலை கட்டிக்கொண்டு எங்களுக்கு முன்னால் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறாள். இப்போது படித்துக்கொண்டு வருகிறாளே, அது பச்சைப் புத்தகத்தின் இரண்டாம் பதிப்புக்கான கையெழுத்துப் பிரதி. முதல் அத்தியாயத்தை என்னிடம் கொடுத்துக் குறை கண்டுபிடிக்கச் சொல்லியிருக்கிறாள். உடற்பயிற்சி ஆசிரியரிடம்! பதினொரு குறை எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் காரணத்தோடு.

இருங்கள், திரும்பிப் பார்க்கிறாள். என்ன சம்பூர்ணம்? என்ன? ... நான் பேசினதெல்லாம் டிரைவர் வரைக்கும் கேட்டுச்சா? ... இவரையா? இவரை ஒரு வார்த்தை பேச விட்டேனாவா? ... ஏன், கேட்டுக்கிட்டுத்தானே வர்றாரு!

சொல்லுங்கள் சார். உங்கள் தரப்பையும் கேட்க வேண்டும் என்கிறாள், நியாயம்தான். உங்களுக்கு எந்த ஊரில் இறங்க வேண்டும்?

மடத்துக்குளமா!

அடடா, அது தாண்டி அரை மணி நேரம் ஆயிற்றே சார். அதோ, பழனி மலையே தெரிகிறது. கண்டக்டர், கண்டக்டர்! ... என்ன மனிதர் நீங்கள்? இந்த ஒரு வரியை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா?